வண்டிக்கு அடியில் ரெண்டு பேர்

மட்கார்டின் மேல் இரண்டு டம்ளர்கள் இருந்தன.

மில்லில் சனிக்கிழமை அரைநாள்தான். ஆல்வின் மொபெட்டை முன்வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் போகாமல் பக்கச் சந்து வழியாகவே கொல்லைக்கு வந்திருந்தான். மூங்கில் நட்டுக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்க்குள் வெயில் இறங்கி, கொல்லை முழுக்க ஒரு நீல வெளிச்சம், ஏதோ தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல. மண்ணெண்ணெய் வாடை, பழைய கிரீஸ் வாடை, அதற்கும் அடியில், வேர்த்த கையில் காசைப் பொத்தி வைத்திருந்தால் வருகிற அந்தத் துரு வாடை. நான்கு கருங்கற்களின் மேல் சக்கரமில்லாமல் நின்ற பழைய பிக்கப்பின் அடியிலிருந்து ஜெஸ்ஸியின் கால்கள் முழங்கால்வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கொடைரோடு ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அப்படிச் சிரித்தாள். அதற்கப்புறம் அது எங்கே போனதென்று அவன் தேடியதில்லை. இப்போது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

டம்ளர்களை எட்டிப் பார்த்தான். இரண்டிலும் அடியில் டீத்தூள் மட்டும் மிச்சம். ஒன்றைத் தொட்டான். இன்னும் சூடு இருந்தது.

"யாரு வந்திருந்தது?"

சிரிப்பு நின்றது. "ஏங்க, வந்துட்டீங்களா? யாரும் வரலயே."

"ரெண்டு டம்ளர் இருக்கு."

ஸ்பேனர் ஒருமுறை இரும்பில் தட்டியது. "உங்களுக்குத்தான் போட்டு வச்சேன். ஆறிப்போச்சா?"

காலியாக இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் அவள் ஒரு பதில் சொல்வாள். அந்தப் பதிலைக் கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

"சோறு எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே அவள் வெளியே நகர்ந்து வந்தாள். நைட்டிக்கு மேல் அவனுடைய பழைய சட்டை. நெற்றியில் கரி. வெளியே வந்து எழுந்தவள், போகிறபோக்கில் குனிந்து வண்டிக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நடந்தாள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் உள்ளே இருப்பவர்களைப் பார்த்துவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி.

பிக்கப்பை அவள்தான் கண்டுபிடித்தாள். தொண்ணூற்றெட்டில், ஈஸ்டர் முடிந்த கையோடு எரியோடு பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக எதையோ பார்த்தவள், "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கண்டக்டரிடம் கத்தி இறங்கிவிட்டாள். ஒரு தோட்டத்து மூலையில், முள்வேலிக்கு உள்ளே, நீண்ட மூக்கும் இரண்டு உருண்டை விளக்குக் குழியுமாக அது கிடந்தது. அவளுடைய அப்பா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். கொடைக்கானல் மலையேறிப் பழுதான வண்டியெல்லாம் அங்கேதான் வரும். பள்ளிக்கூடம் விட்டால் அவள் நேரே அங்கே போய்விடுவாளாம். அவர் போனபிறகு பட்டறையை அண்ணன்கள் எடுத்துக்கொண்டார்கள். இவளை மில் ஆபீஸ்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

தோட்டக்காரர் கருப்பணன் வேலியைத் திறந்துவிட யோசிக்கவேயில்லை. "எடுத்துக்க தாயி. எங்க அப்பா காலத்து வண்டி. கெடந்து மக்குது" என்றார். ஆனால் அவர் மனைவி ராமுத்தாய் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். டிராக்டரில் கட்டி வண்டியை இழுத்து ரோட்டில் ஏற்றிய பிறகுதான் கிட்டே வந்தாள். ஜெஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல நினைத்தவள்போல நின்றாள். "பாத்து இருந்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டி கிடந்த இடத்தைப் பெருக்க விளக்குமாறை எடுத்தாள்.

முதல் சில வாரம் ஆல்வினுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் அவள் நர்சரி ஸ்கூலுக்குப் போய்ப் பாடம் எடுத்துவிட்டு வருவாள். மதியத்துக்கு மேல் கொல்லையில் உட்கார்ந்து உப்புத்தாளால் துருவைத் தேய்ப்பாள். அவர்கள் குடியிருந்த மேட்டுப்பட்டியில் தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் மில்லில் சொல்லி மூட்டை கட்டிக் காட்டன் வேஸ்ட் கொண்டுவந்து போட்டான், கை துடைக்க. அந்த வண்டிக்கு அவன் செய்தது அது ஒன்றுதான். ஸ்பேனரில் எது பெரிசு எது சின்னது என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு ஞாயிறு, சாயங்காலப் பூசை முடிந்து வந்ததும் அவள் சேலையை மாற்றிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பந்து விளையாடுகிற சத்தம், எங்கோ கேசட் கடைப் பாட்டு, இதற்கெல்லாம் அந்தப்புறம் சிறுமலை கறுத்துக்கொண்டு வந்தது. ஆல்வின் பின்வாசல் படியில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, என்னவோ தோன்றி, வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்துக் குனிந்து பார்த்தான்.

ஜெஸ்ஸி மல்லாந்து படுத்திருந்தாள். ஒரு கை போல்ட்டைப் பிடித்திருந்தது, இன்னொரு கை ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தது. ஹேண்ட் லேம்ப் அவள் தலைக்குப் பக்கத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, ஆடாமல் அசையாமல் நின்றது. எதிலாவது மாட்டியிருப்பாள் என்று நினைத்தான்.

"கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றாள்.

லேம்ப் இந்தப் பக்கம் வந்தது.

தெருவில் பந்துச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். கேட்டது இதைத்தான்:

"நான் புடிக்கட்டுமா?"

"வேணாங்க" என்றாள், அவன் பக்கம் திரும்பாமல். "புடிச்சாச்சு."

அவன் எழுந்து உள்ளே போனான். அடுப்படியில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தான். பயம்தான். ஆனால் பயத்துக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது வேறொன்று. கொஞ்சம் இந்தப் பக்கம் என்று அவள் சொன்ன விதம். அவனிடம் அவள் எதைக் கேட்டாலும் கூடவே ஒரு காரணம் இருக்கும், ஒரு மன்னிப்பு இருக்கும். அங்கே அது எதுவும் இல்லை. பாதி வார்த்தையில் புரிந்துகொள்கிற ஒருவரிடம் பேசுகிற குரல் அது.

மறுநாள் மில்லில் அவனால் ஒரு வரி எழுத முடியவில்லை. லேம்ப்பை எதிலோ மாட்டியிருந்தாள், கம்பி நழுவியது, அம்புட்டுதான் என்று மத்தியானம் வரைக்கும் சொல்லிக்கொண்டான். மத்தியானத்துக்கு மேல், அந்தப்பக்கம் எவனோ படுத்திருந்தான் என்று தோன்ற ஆரம்பித்தது. அப்படி நினைத்ததும் மனசு ஒருவிதத்தில் லேசானது. ஆள்தானே. ஆள் என்றால் பிடித்துவிடலாம்.

பேகம்பூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சாகுல் ஹமீது, ஜெஸ்ஸியின் அப்பாவோடு வேலை பார்த்தவர். வண்டியின் தரைத்தகடு ஒட்ட அவரைத்தான் அவள் கூப்பிட்டிருந்தாள். ஆல்வின் போனபோது பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், உங்க பட்டறைப் பயலுக யாராச்சும் எங்க வீட்டுக்கு வாராங்களா? வேலைக்கு?"

"யாரும் வரல சார். நானே இனிமே வரமாட்டேன்னு ஜெஸ்ஸி பாப்பாகிட்டச் சொல்லிட்டேனே. சொல்லலயா?"

"இல்ல. ஏன்?"

அவர் வெல்டிங் கண்ணாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "இதைப் போட்டா ஒண்ணுமே தெரியாது சார். தரை தெரியாது, ஆள் தெரியாது. நெருப்பு படுற எடம் மட்டும் பச்சையாத் தெரியும். தகடு ஆடாம இருக்கணும்னு பாப்பாவ அந்தப் பக்கம் புடிக்கச் சொன்னேன். புடிச்சிருந்துச்சு. நல்லாவே புடிச்சிருந்துச்சு. திடீர்னு பாத்தா நெருப்புக்குப் பக்கத்துலயே கை. தோலு கழண்டு போற சூடு. 'ஏ பாப்பா, கைய எடு'ன்னு கத்திட்டேன். 'நான் இங்கன இருக்கேன் மாமா'ன்னு பின்னாடி இருந்து சத்தம் வருது. தண்ணி எடுக்கப் போயிருக்கு."

"அப்ப அது?"

"ஆம்பளைக் கை சார். நெகமெல்லாம் கறுத்த கை. கண்ணாடியத் தூக்கிப் பாத்தேன். ஒருத்தருமில்ல." கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். "தகடு மட்டும் ஆடாம நின்னுச்சு."

திரும்பி வருகிற வழியெல்லாம் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை மொபெட் கூடவே வந்தது. ஆள் இல்லை. அப்படியென்றால் அவள் அவனுக்குத் துரோகம் செய்யவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஆள் என்றால் சட்டையைப் பிடிக்கலாம், நாலு பேரைக் கூட்டலாம், அவள் அண்ணன்களிடம் சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது? நெருப்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு அவளுக்காகத் தகடு பிடிக்கிறவனோடு எப்படிப் போட்டி போடுவது?

அதையும் முயன்று பார்த்தான். ஒருநாள் அவள் ஸ்கூலுக்குப் போனதும், காய்ச்சல் என்று மில்லுக்குச் சொல்லிவிட்டுக் கொல்லைக்கு வந்தான். காலை வெயில் நல்ல வெயில். பக்கத்து வீட்டில் குக்கர் கூவியது. வண்டிக்கு அடியில் அவள் படுக்கிற சாக்கு விரித்திருந்தது. ஒரு சாக்கில்லை. இரண்டு சாக்கைச் சேர்த்துத் தைத்திருந்தாள்.

அவள் வழக்கமாகப் படுக்கிற பக்கமாக ஆல்வின் நகர்ந்து உள்ளே போனான். மூக்குக்கு மேல் இரும்பு. எண்ணெய் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சில்லென்று இருந்தது, வெளியே அடிக்கிற வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாமல். பீடி வாடை. பழைய வாடை இல்லை, இப்போதுதான் பிடித்து அணைத்த வாடை. அவன் மேலே பார்த்தபடியே கிடந்தான். அந்தப் பக்கம் தலையைத் திருப்பத் தைரியம் வரவில்லை. தோளுக்குத் தோள் தூரத்தில் சாக்கு கொஞ்சம் அமுங்கியிருந்தது, அவன் படுத்ததால் அமுங்கியது அல்ல.

"நான் அவ புருஷன்" என்றான். குரல் இரும்பில் பட்டு அவன் முகத்திலேயே விழுந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் இன்னொரு முறை கூவியது. பிறகு சாக்கு சரசரத்தது. மெதுவாக, அலுத்துப்போய், யாரோ அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தார்கள்.

வெளியே வந்து கைகால் கழுவி, வாந்தி எடுத்து, மறுபடி கழுவினான்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் அவள் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டான். "வண்டிக்கு அடியில யாரு ஜெஸ்ஸி?"

கத்தி நின்றது. அவள் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"பேரு தெரியாது. நான் கேக்கல."

"உனக்குப் பயமா இல்லயா?"

"மொதல்ல இருந்துச்சு. ஒருநாள் கியர்பாக்ஸ எறக்கறப்ப கை நழுவிருச்சு. என் மூஞ்சில விழ வேண்டியது. விழல. அன்னையில இருந்து பயமில்ல." அவரைக்காய் நாரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "அந்த வண்டிய யாரோ ஆசையா வச்சிருந்திருக்காக. முடிக்காமப் போயிருக்காக. முடிச்சுட்டாப் போயிருவாகன்னு நெனக்கிறேன். எஞ்சின் மட்டும் ஓடணும். இன்னும் கொஞ்சந்தான். என்னைய முடிக்க விடுங்க."

போயிருவாக என்றாள். மரியாதையோடு. அவன் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

"என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல? நான் வந்து புடிச்சிருக்க மாட்டேனா?"

"நீங்களா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுவிட்டாள். "இன்னைக்கு என்ன வேலை செஞ்சேன்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா? யாரு வந்தது, யாரு வந்ததுன்னுதான் கேட்டீங்க."

அந்த வார்த்தைதான் அவனை அதற்கப்புறம் நடந்ததற்கெல்லாம் தள்ளியது.

ஐப்பசியில் வத்தலக்குண்டில் அவள் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். மில்லில் லீவு கிடைக்கவில்லை என்று அவளை மட்டும் பஸ் ஏற்றிவிட்டான். பஸ் திரும்பி மறையும்வரை கையாட்டினான். அங்கிருந்து நேரே பழைய இரும்புக் கடைக்குப் போனான். கடைக்காரர் கொல்லைக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நம்பாமல் நின்றார். சக்கரம் மாட்டியிருந்தது. முன்பக்கம் முழுக்கப் பச்சைப் பெயின்ட், இளம் வாழையிலை நிறத்தில், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

"இம்புட்டு வேலை செஞ்சிருக்கு. இதைப் போய் ஒடைக்கச் சொல்றீங்களே சார்?"

"ஒடைச்சிருங்க. இன்னைக்கே. எனக்குக் காசு எதுவும் வேணாம்."

டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். வண்டி ஒரு சத்தமும் போடாமல், ஒரு பிடிவாதமும் பிடிக்காமல் கொல்லையை விட்டுப் போனது. "என்ன சார், காலி டப்பா மாதிரி வருது" என்றான் டிராக்டர் ஓட்டியவன். கேட் தாண்டி, தெரு தாண்டிப் போனது. ஆல்வின் தார்ப்பாயைக் கழற்றினான். மூங்கிலைப் பிடுங்கினான். கற்களை ஒவ்வொன்றாக உருட்டிச் சாக்கடை ஓரம் தள்ளினான். சாக்கை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். வெட்ட வெளியாகிவிட்ட கொல்லையில், நடுவில் கறுத்த எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

கைகழுவிவிட்டு டீ போட்டுக் குடித்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். அப்போது கொல்லைப்பக்கம் யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். பீடி குடிக்கிறவர்களின் இருமல். பின்வாசல் திறந்துதான் இருந்தது. கொல்லையில் ஒருவரும் இல்லை. வெறும் தரை, அதன்மேல் சாய்வெயில். வண்டி போய்விட்டது. வண்டி மட்டும்தான் போயிருந்தது.

அவன் கதவைச் சாத்தித் தாழ்போட்டான். அவள் வரும்வரைக்கும் திறக்கவில்லை.

ஜெஸ்ஸி ஞானஸ்நான வீட்டு இனிப்போடு வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தாள். அவன் பின்னாலேயே போய் நின்றான். கத்துவாள், அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தான்.

"குடுத்துட்டேன்" என்றான். "நமக்கு வேணாம்."

அவள் கொல்லை நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையை அல்ல. தரைக்கு மேலே, ஒரு ஆள் முகம் இருக்கிற உயரத்தில். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் ஆல்வினுக்கு இல்லை.

"கைகால் கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்" என்றாள்.

அதற்கப்புறம் சண்டை எதுவும் இல்லை. சாயங்காலங்களில் அவனோடு உட்கார்ந்து டிவி பார்த்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டாள். அவன் வாங்கி வந்த நிலக்கோட்டை மல்லியை வைத்துக்கொண்டாள். மில் விஷயத்தை அவன் சொன்னால் கேட்டாள். இப்படித்தானே இருக்க வேண்டும் என்று ஆல்வின் நினைத்தான். ஒருநாள் சோறு போடக் குனிந்தவளின் கையைப் பார்த்தான்.

நகக்கண்களில் கிரீஸ்.

பழைய கறை இல்லை. ஈரமாக இருந்தது. தட்டின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் கறுப்பாக ஒட்டியிருந்தது. அவன் அந்தத் தட்டில் சாப்பிட்டான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. மத்தியானமே விளக்கு வைக்கிற நேரம்போல இருண்டிருந்தது. கரண்ட் இல்லை. மில்லிலிருந்து நனைந்து வந்த ஆல்வின், முன்கதவு சும்மா சாத்தியிருப்பதைப் பார்த்தான். உள்ளே அவள் இல்லை. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. சாரல் அடுப்படிவரை வந்து தரையெல்லாம் ஈரம். கொல்லையிலிருந்து, மழைச் சத்தத்துக்குள், இன்னொரு சத்தம் வந்தது. கிர்ர். நிறுத்தம். கிர்ர். நட்டு முறுக்குகிற சத்தம்.

வாசலில் வந்து நின்றான்.

கொல்லை நடுவில், எண்ணெய்க் கறைமேல், ஜெஸ்ஸி மல்லாந்து படுத்திருந்தாள். மேலே ஒன்றும் இல்லை. தார்ப்பாய் இல்லை, வண்டி இல்லை, கொட்டுகிற வானம்தான். இரண்டு கைகளையும் தூக்கிக் காற்றில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நனையவில்லை.

முதலில் அவனுக்கு அது புரியவில்லை. சுற்றிலும் சேறும் தண்ணீருமாகத் தெறிக்க, அவளைச் சுற்றி நீளவாக்கில் ஒரு கட்டம் மட்டும் காய்ந்து கிடந்தது. மழை அங்கே தரைக்கு வரவில்லை. நெஞ்சு உயரத்தில் எதிலோ விழுந்து சிதறியது. சிதறிய நீர்ப்புகையில் வடிவம் தெரிந்தது. நீண்ட மூக்கு. கூரையின் வளைவு. பின்னால் தட்டைப் பலகை. கண்ணாடியில் செய்ததுபோல, முழுசாக, பிக்கப் நின்றது. காய்ந்த கட்டம் அவளோடு முடியவில்லை. அவளுக்கு அந்தப்பக்கம் இன்னொருவர் படுக்க இடம் இருந்தது.

கூப்பிட்டிருக்க வேண்டும். ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டும். வாயும் திறந்தது.

ஆனால் அவள் பேசினாள். அந்தப்பக்கம் முகத்தைத் திருப்பி, தலையணையில் தலை வைத்துப் பேசுகிறவள்போல, சின்னக் குரலில். ஆல்வின் வாயை மூடிக்கொண்டான். என்ன பேசுகிறாள் என்று கேட்க வேண்டும். அதை மட்டும் கேட்டுவிட வேண்டும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு காதைக் கூர்மையாக்கினான்.

"... அவரு வேணும்னு செய்யல. தெரியல அவருக்கு. அம்புட்டுதான்."

தன்னைப் பற்றித்தான். தன்னைப் பற்றி இன்னொருத்தரிடம். காது மடல் சுட்டது. இன்னும் சொல்வாளா என்று நின்றான்.

"இருந்தாலும் நல்ல மனுஷன்தான்" என்றாள். "நீங்க கோவிக்காதீங்க."

மழை ஒரு கணம் ஓய்ந்ததுபோல இருந்தது. ஜெஸ்ஸி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏங்க" என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. "ஏங்க, ஜாக்கி..."

இரும்பு இரும்பில் வழுக்குகிற சத்தம்.

ஆல்வின் ஓடினான். சேற்றில் வழுக்கி முழங்காலில் விழுந்தான். அவள் கணுக்கால் இரண்டையும் பிடித்து இழுத்தான். வரவில்லை. சூடான கால்கள். கொலுசு அவன் உள்ளங்கையை அறுத்தது. குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பு முழுக்கச் சாய்த்து இழுத்தான். அந்தப்பக்கத்திலிருந்தும் யாரோ இழுத்தார்கள். அவசரமில்லாமல். பலமாக.

"ஜெஸ்ஸி. ஜெஸ்ஸி. இங்க பாரு."

அவள் இந்தப்பக்கம் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். அவனை அடையாளம் கண்டுகொண்டது கண்ணில் தெரிந்தது. உதடு அவன் பேரைச் சொல்லக் குவிந்தது. காற்று வரவில்லை.

சேற்றில், அவளைச் சுற்றி, நான்கு இடங்களில் மண் அமுங்கியது. டயர் அகலத்துக்கு. பட்டன் பட்டனாக அச்சு பதிந்தது. அந்தக் குழிகளுக்குள் தண்ணீர் ஓடி நிறைந்தது.

மழை விழுந்து சிதறுகிற உயரம் குறைந்துகொண்டு வந்தது. இடுப்பளவு. முழங்கால் அளவு. அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். நைட்டியின் முன்பக்கம், அதன்மேல் அவனுடைய பழைய சட்டை, ஒன்றுமே இல்லாத எதற்கோ அடியில், மடிப்பு மடிப்பாக, தட்டையாகிக்கொண்டு வந்தது.

ஒரு முழம்.

அவள் கால்விரல்கள் அவன் கைக்குள் விரிந்தன.

ஒரு சாண்.